அப்பாவின் மடியில் விடைப் புத்தகம்

பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அம்மாதான் போவாள். அந்த ஏப்ரல் வியாழக்கிழமை ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு மாலை ஷிப்ட் விழுந்துவிட்டது. அதனால் அப்பா யெஃபீம் போனார். உஸ்த்யாவுக்கு அதில் உள்ளூர ஒரு நிம்மதி. அம்மா என்றால் ஒவ்வொரு மதிப்பெண்ணாகக் கிளறுவாள். அப்பா கடைசி மேசையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

ஒன்றை அவள் மறந்துவிட்டாள். கூட்டத்தன்று பிள்ளைகளின் நோட்டுகளை அவரவர் மேசைமேல் எடுத்து வைத்திருப்பார்கள். ஆசிரியை பேச ஆரம்பிக்கும்வரை பெற்றோருக்கு அதைப் புரட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

எட்டு மணிக்கு அப்பா திரும்பி வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பூட்ஸைக் கழற்றினார், கை கழுவினார், மேசைக்கு வந்தார். வெண்ணெய் போட்ட கஞ்சியையும் ஊறவைத்த வெள்ளரிக்காயையும் உஸ்த்யா அவர் முன்னால் வைத்தாள். அவர் கரண்டியை எடுக்கவில்லை.

"உங்கப்பா வேளாண் அதிகாரியாமே," என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா கோட்டாவது போட்டுட்டுப் போயிருப்பேன்."

உஸ்த்யாவின் காது மடல் சூடாயிற்று.

ரஷ்ய மொழிப் பாடநூலில் முந்நூற்று நாற்பத்தொன்றாவது பயிற்சி. உன் வீட்டில் ஒருவர் வேலை செய்வதைப் பற்றி எழுது என்றிருந்தது. அவள் வழக்கம்போல விடைப் புத்தகத்தைத் திறந்து, அதில் மாதிரிக்குக் கொடுத்திருந்ததை அப்படியே எழுதிவிட்டாள். அதில் வரும் அப்பா வேளாண் அதிகாரி. விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர். கோதுமை மணிகளை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்கிறவர். அவர்கள் ஊர் யார்கினோவைச் சுற்றி இருப்பதெல்லாம் காடும் சதுப்பும். கோதுமை வயலைப் பார்க்கவேண்டுமென்றால் ரயிலில் ஒரு பகல் போகவேண்டும். அவளுடைய அப்பாவோ, ஊரின் ஐந்து மாடிக் குடியிருப்புகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குழாய் வழியே வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் கொதிகலன் கூடத்தில் கரி அள்ளிப் போடுகிறவர்.

"என் பக்கத்துல, உன்கூட உக்கார்ற ஃபாயாவோட அம்மா," என்றார் அப்பா. "அவ வீட்டுக்காரனும் வேளாண் அதிகாரியாம். மரலாரி ஓட்டுறான்னுதான் நான் இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன். கிளெப்போட அப்பன் செத்து ஆறு வருஷமாச்சு. அவனும் விடியக்காலையில வயலுக்குப் போறான்."

அப்படிப் பார்த்தெழுதியவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து நோட்டிலும் ஒரே வயல். கடைசிப் பெற்றோர் படித்து முடித்தபோது அறையில் ஒரே சிரிப்பாம். அப்பா சிரித்தாரா என்று அவள் கேட்கவில்லை. சிரித்திருக்கமாட்டார் என்று தெரிந்தது.

பிறகு அவர் மற்றதைச் சொன்னார். ஆசிரியை காபிதோலினா மார்க்கோவ்னா கூட்டம் முடிந்ததும் அவரை நிறுத்தி, மதிப்பெண் ஏட்டைக் காட்டினாராம். வீட்டுப் பாடத்தில் உஸ்த்யாவுக்கு வரிசையாக ஐந்து. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. வகுப்பில் வைத்த சொல்வதெழுதலில் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. இரண்டு என்றால் தோல்வி. வரும் செப்டம்பரில் எட்டாம் வகுப்புக்கு ஒரு அறிவியல் பிரிவு தொடங்கப்போகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆய்வுக்கூடம், புதிதாக வந்த நுண்ணோக்கிகள், இருபத்துநாலு இடம். மே கடைசியில் நடக்கும் ரஷ்ய மொழித் தேர்வில் நான்குக்குக் குறைந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

"இப்படியே போனா உன் பேரு அதுல வராதுன்னு சொன்னாங்க," என்றார் அப்பா. அப்போதுதான் கரண்டியை எடுத்தார்.

உஸ்த்யாவுக்கு அந்தப் பிரிவைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய ஜன்னலோரத்தில் ஏழு ஊறுகாய் ஜாடிகளில் ஏழு இடத்துக் குளத்து நீர் இருந்தது. எதில் எப்போது என்ன நகர்ந்தது என்று ஒரு தனி நோட்டில் குறித்துவைத்திருந்தாள். அந்த நோட்டுக்கு நேரம் வேண்டும் என்றுதான் இலக்கணத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்தெழுதி முடித்தாள். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழிதானே, அதை உட்கார்ந்து வேறு படிக்கவேண்டுமா என்பது அவள் எண்ணம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா அந்தப் புத்தகத்தைக் கேட்டார். வெப்பக் குழாயின் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள். ரயில் நிலையக் கடையில் வாங்கியது. அட்டை குழாய்ச் சூட்டில் வளைந்திருந்தது. நாளைக்கே கொதிகலனுக்குள் போய்விடும் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இதுல இருக்கறதெல்லாம் சரியா?"

"சரிதான்."

"அப்ப இது கெட்ட சாமான் இல்லையே," என்றார். அதைத் தன் ஆடைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். 

மறுநாள் மாலை உஸ்த்யா முதல்முறையாகத் தானே ஒரு பயிற்சியைச் செய்தாள். விட்டுப்போன எழுத்துகளை நிரப்பவேண்டும், காற்புள்ளிகளை வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆயிற்று. சரியா பார் என்று அப்பாவிடம் நீட்டினாள். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இலக்கணத்தில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. விடைப் புத்தகத்தை மடியில் வைத்து, இடது கைவிரலை அதிலும் வலது கைவிரலை அவள் நோட்டிலுமாக நகர்த்தி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். நகக்கண்ணில் படிந்த கரி எந்த சோப்புக்கும் போகாது. பக்க ஓரங்களில் விரல் பதிந்துகொண்டே போனது.

"ஆறு தப்பு," என்றார். முதல் தவற்றைக் காட்ட விரலைக் கொண்டுபோனார்.

"காட்டாதப்பா," என்றாள் உஸ்த்யா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை. இந்தத் துளித் தண்ணீரில் ஆறு உயிர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் லென்ஸை விட்டு எழுந்திருக்கமாட்டாள். அதுபோலத்தான் இதுவும் பட்டது. "எங்கன்னு சொல்லாத. எத்தனைன்னு மட்டும் சொல்லு."

தேடினாள். மூன்றைக் கண்டுபிடித்தாள். சரியாக இருந்த நான்கைத் தவறாகத் திருத்தினாள். அப்பா மறுபடி விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது ஏழு என்றார். அவள் சிணுங்கிக்கொண்டே பாடநூலின் முன்பக்கங்களைத் திறந்தாள். விதிகள் சட்டமிட்டுப் போட்டிருந்த அந்தப் பக்கங்களில் அந்த வருடம் முழுவதும் அவள் கை பட்டதில்லை. தாள் இன்னும் மொடமொடப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. அப்பாவுக்கு ஒரு நாள் முழுக்க வேலை, மூன்று நாள் ஓய்வு. ஓய்வு நாளில் சமையலறை மேசை. வேலை நாளில் உஸ்த்யா பள்ளி விட்டதும் நேராகக் கொதிகலன் கூடத்துக்குப் போவாள். அங்கே அளவுமானிகளுக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கெண்டி, காய்ந்த வளைய ரொட்டி. அப்பா மணிக்கொருமுறை எழுந்து முள்ளைப் பார்த்து ஏட்டில் எழுதிவிட்டு வந்து, விரலை விட்ட இடத்திலிருந்து மறுபடி நகர்த்துவார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் சேர்ந்துகொண்டது. அவள் ஒரு தவற்றைத் திருத்தியதும், இது ஏன் இப்படி என்று கேட்பார். சோதிப்பதற்காக இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவள் விதியைச் சொல்வாள். புரியவில்லை என்பார். வேறு வார்த்தைகளில் சொல்லிப் பார்ப்பாள். நடுவில் அவளுக்கே நாக்கு சிக்கிக்கொண்டால், தனக்கும் அது தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சில நாள் அப்பா சட்டென்று புரிந்துகொண்டு, "ஓ, அதுக்கா," என்று கெண்டியைப் பார்த்துச் சொல்வார். அந்த விதி பிறகு அவளுக்கு மறக்கவே மறக்காது.

பள்ளியில் ஃபாயா விடவில்லை. இருவரும் ஒரே மேசை. "என்னடி, கொதிகலன் கூடத்துல டியூஷனா? கரியாலயா எழுதறீங்க?" என்று கேட்டாள். விடைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தெழுதாமல் இருக்கிறவளை அவள் இதுவரை கண்டதில்லையாம். பசியோடு பேக்கரியில் நின்று ரொட்டியை எண்ணுகிற மாதிரி இருக்கிறது என்றாள். உஸ்த்யாவுக்கு இப்போது வீட்டுப் பாடத்தில் ஐந்து வரவில்லை. மூன்றும் நான்குமாக வந்தது. அதைப் பார்த்து ஃபாயாவே கொஞ்சம் கவலைப்பட்டாள்.

ஆனால் ஆறு என்பது நான்காயிற்று, நான்கு என்பது மூன்றாயிற்று. ஒருமுறை ஒன்று என்று அப்பா சொன்னபோது, அந்த ஒன்றைத் தேடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

மே விடுமுறை வந்தது. ஊரே உருளைக்கிழங்கு நடப் போனது. அம்மாவும் அப்பாவும் அவளும் இரண்டு நாள் தோட்டத்தில் குனிந்தே கிடந்தார்கள். கடைசி நாள் அவள் மட்டும் எட்டு வரிசை நட்டாள். கையில் கொப்புளம். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, மறுநாள் கொடுக்கவேண்டிய பயிற்சியை எழுதி அப்பாவிடம் நீட்டினாள். அவர் வெகுநேரம் விரலை நகர்த்தினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

அவளுக்கு அதுதான் முதல் பூஜ்யம். அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தாள். அப்பா தேநீர் போட்டு, கருந்திராட்சை ஜாமை ஜாடியோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. ஐந்து சிவப்பு வட்டம், கீழே மதிப்பெண் மூன்று.

பள்ளி விட்டதும் உஸ்த்யா கொதிகலன் கூடத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். அப்பாவின் விரல் இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை. ஐந்து வட்டத்தையும் அது தாண்டிப் போயிருக்க வழியில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. நோட்டை மேசைமேல் விரித்து வைத்தாள். அப்பா பார்த்தார். தெரியாதவர் போல நடிக்கவில்லை.

"எட்டு வரிசை நட்டுட்டு வந்து உக்காந்த," என்றார். "மூஞ்சியப் பாத்தேன். அஞ்சுன்னு சொல்ல வாய் வரல."

"அந்த முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டினா, பாவம்னு சொல்லி ஏட்டுல கம்மியா எழுதுவியா?"

அப்பா அளவுமானியைத் திரும்பிப் பார்த்தார். எழுதமாட்டேன் என்று மெல்லச் சொன்னார். அவர் முகம் கழுவாத இடங்களில் கறுப்பும் கழுவிய இடங்களில் சிவப்புமாக இருந்தது. உஸ்த்யாவுக்குத் தன் குரல் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று தோன்றியது. புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அது கெண்டிக்குப் பக்கத்தில் செய்தித்தாள் அட்டை போட்டு இருந்தது. அட்டை எப்போது போட்டார் என்று அவளுக்குத் தெரியாது.

தப்பைத் தப்பு என்று சொல்லாவிட்டால் அந்தப் புத்தகம் பழையபடி குழாய்க்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வேறொன்று வந்தது.

"நானும் உன்னப் பத்திப் பொய்தானப்பா எழுதினேன்," என்றாள். "அதுக்கு எனக்கு அஞ்சு குடுத்தாங்க."

அப்பா கரி அள்ளும் வாரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு திறக்கும் சத்தமும் கரி விழும் சத்தமும் கேட்டன. பத்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே உள்ளத உள்ளபடி சொல்றேன்," என்றார். "நீயும் அழக்கூடாது."

"அழமாட்டேன்."

முந்நூற்று நாற்பத்தொன்றாவது பயிற்சியைத் திரும்ப எழுதி வரச்சொல்லி ஐந்து பேரிடமும் ஆசிரியை சொல்லியிருந்தார். மற்ற நால்வரும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டார்கள். ஃபாயா வேளாண் அதிகாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாரி ஓட்டுநர் என்று போட்டாள். லாரி ஓட்டுநர் விடியற்காலையில் கோதுமையை ஊதிப் பார்த்தார். உஸ்த்யா மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அதை இப்போது அந்த மேசையிலேயே எழுத உட்கார்ந்தாள். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு கரி, கடும் பனியில் எவ்வளவு, முள் எந்த எண்ணில் நிற்கவேண்டும், கொதிகலன் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டாள். இதையெல்லாம் போய் எழுதுவார்களா என்று அப்பா கூச்சப்பட்டார். ஆனால் எண்களை மட்டும் ஏட்டைப் பார்த்துத் துல்லியமாகச் சொன்னார். போன ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு டிகிரிக்குக் குளிர் இறங்கிய மூன்று நாளும் அவர் வீட்டுக்கு வராததை அவள் மறந்திருந்தாள். அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் குளிர் தெரியாமல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினாள். எழுதி முடித்ததும் அப்பா வழக்கம்போல விரலை வைக்கப்போனார். ஒப்பிட்டுப் பார்க்க விடைப் புத்தகத்தில் எதுவும் இல்லை. சும்மா படித்தார். இரண்டு முறை படித்தார்.

காபிதோலினா மார்க்கோவ்னா அதற்கு நான்கு போட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கடும் குளிர்ல ஒரு ஷிப்டுக்கு மூணு டன்னா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள் உஸ்த்யா. ஆசிரியையும் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புகளில் ஒன்றில்தான் இருந்தார்.

மீதி நாட்களில் அப்பா இரக்கம் காட்டவில்லை. நான்கு என்றால் நான்கு. தேர்வுக்கு முந்தைய மாலை அவர் இரண்டு என்றார். அவள் இரண்டையும் கண்டுபிடித்தாள், ஏன் என்றும் சொன்னாள்.

தேர்வன்று ஆசிரியை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, சொல்வதெழுதலை வாசித்தார். ஒரு வாக்கியத்தை முழுதாக ஒருமுறை, பிறகு துண்டு துண்டாக, பிறகு கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து. ஃபாயாவின் முழங்கை உஸ்த்யாவின் பக்கம் நகர்ந்து நகர்ந்து வந்தது. எழுதி முடித்த பிறகு பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் பேனாவை மூடினார்கள். எத்தனை என்று சொல்ல இங்கே யாருமில்லை. உஸ்த்யா தானே ஆறு என்று வைத்துக்கொண்டாள். ஆறு தவறு இருக்கிறது, தேடு என்று தனக்குச் சொல்லிக்கொண்டு முதல் வரியிலிருந்து விரலை நகர்த்தினாள். மூன்று கிடைத்தது. மற்ற மூன்றும் இருந்தனவா இல்லையா என்று தெரியவில்லை. நேரம் முடிந்தது.

நான்காம் நாள் பள்ளி வாசல் கண்ணாடியில் பட்டியலை ஒட்டினார்கள். முன்னால் கூட்டம். உஸ்த்யாவுக்கு முட்டி நுழைந்து பார்க்க வராது. எல்லோரும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பூச்செடித் தொட்டியருகே நின்றாள். ஃபாயாதான் உள்ளே புகுந்து வெளியே வந்தாள்.

"பதினோராவது பேரு," என்றாள். "உன் பேருதான். பக்கத்துல நாலுன்னு போட்டிருக்கு." ஃபாயாவுக்கு மூன்று. அவளுக்கு அந்தப் பிரிவில் விருப்பம் கிடையாது, பள்ளி முடித்துச் சமையற்கலைக் கல்லூரிக்குத்தான் போகப்போகிறாள். இருந்தாலும் கொஞ்ச நேரம் உஸ்த்யாவின் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, அந்தப் புத்தகத்தை உங்கப்பா வாடகைக்குக் கொடுப்பாரா, புத்தகம் வேண்டாம், அப்பாவை மட்டும் கொடுத்தாலும் போதும் என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

உஸ்த்யா ஒருமுறை தானும் போய்ப் பார்த்துவிட்டு, கொதிகலன் கூடத்துக்கு ஓடினாள். பாதி வழியில் ஓட்டம் நடையாயிற்று. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. விருந்தாளி வந்தால் சொல்வார்கள்.

வெப்பம் அனுப்புவதை அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தார்கள். கூடம் குளிர்ந்து அமைதியாக இருந்தது. கோடையில் கொதிகலனைத் துப்புரவு செய்வார்கள். அப்பா அதற்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே ஏதோ சுரண்டும் சத்தம்.

"அப்பா," என்றாள். சுரண்டல் நின்றது. "வந்துடுச்சு. பதினோராவது பேரு. நாலு."

பூட்ஸ் அசையவில்லை. பிறகு ஒரு பூட்ஸ் மற்றொன்றின்மேல் ஏறி, மறுபடி இறங்கியது.

"எத்தன தப்பு?" குழாய்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அது போடலப்பா."

"போட்டிருக்கணும்," என்றது குரல். பிறகு, பத்தொன்பதாம் எண் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கச் சொன்னது. அவள் பெட்டியில் தேடி எடுத்துக் குனிந்து நீட்டினாள். கரி படிந்த கை ஒன்று வந்து ஸ்பானரோடு சேர்த்து அவள் விரல்களையும் பிடித்தது, விட்டது.

முகம் தெரியவில்லை. அது உஸ்த்யாவுக்கு வசதியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, இருட்டான அந்த இடைவெளியைப் பார்த்து, "ரொம்ப நன்றிப்பா," என்றாள். அது குழாய்களுக்குள் போய், அவள் சொன்னதைவிடச் சத்தமாகக் கேட்டது.

 ஸ்பானர் எதையும் திருகவில்லை. உஸ்த்யா எழுந்திருக்கவில்லை. அவர் வெளியே வரும்போது வரட்டும் என்று பூட்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.